எழுபதுக்குக் கீழே

காலையில் நான் குளியலறைக் கதவைத் திறக்கும்போது வெளியே என் மாமியார் நின்றுகொண்டிருப்பார். தூங்கினாயா, தலைவலி விட்டதா என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"இன்னைக்கு எம்புட்டு?"

"எழுபத்திரெண்டு."

"நேத்தும் அதான சொன்னே?"

"நேத்தும் அதான் இருந்துச்சு, அத்தை."

அவர் கூடத்துப் பக்கம் திரும்பி, சோபாவில் உட்கார்ந்திருக்கும் தன் மகனைப் பார்த்து இல்லை என்று தலையாட்டுவார். என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். ஈரத்தலையோடு அவர்கள் இருவருக்கும் நடுவே அடுப்படிக்கு நடந்து போவேன். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன மாட்டுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அந்த நாட்களில் தெரிந்தது.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து செய்த வேலை. சிவகாசியில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறோம். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. மெஷின், ஆர்டர், வசூல் எல்லாம் அவருடையது. வீடு விருதுநகரில். அவர் படுத்த பிறகு இரண்டு பேர் வேலையும் என் தலையில் விழுந்தது. வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். மற்ற நாள் ஓய்வு.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யார் கொடுப்பது என்ற பேச்சு வீட்டில் அதிக நேரம் நடக்கவில்லை. மாமியாருக்கு வயதாகிவிட்டது. என் கணவரின் தங்கைக்கும் சர்க்கரை. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனிலேயே, "நான் குடுக்கேன்மா" என்றாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன். மிச்சம் நான்தான். ரத்த வகை ஒத்துப்போயிற்று. எல்லாப் பரிசோதனைகளும் ஒழுங்காக வந்தன. எடை மட்டும்தான் இடித்தது. நான் குள்ளம். எண்பத்து நான்கு கிலோ இருந்தேன்.

"எழுபதுக்குக் கீழே வாங்கம்மா. வந்த உடனே தேதி குறிச்சிடலாம்" என்றார் டாக்டர்.

முதல் பன்னிரண்டு கிலோ எனக்கே தெரியாமல் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். இனிப்பை விட்டேன், எண்ணெயை விட்டேன், காலையில் மொட்டைமாடியில் நடந்தேன். ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தன. தெருவில் பார்த்தவர்கள் நின்று விசாரித்தார்கள். அப்புறம் எழுபத்திரண்டில் வந்து நின்றது. ஒரு மாதம் அங்கேயே நின்றது. அடுத்த மாதமும் நின்றது. இரண்டு இட்லியை ஒன்றாக்கினேன். மதியச் சோற்றை நிறுத்திவிட்டு மோரும் வெள்ளரிக்காயும் தின்றேன். மாலையிலும் நடந்தேன். வெயில் தாழ்ந்தும் தளம் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்து எண்ணெய் ஆலையிலிருந்து வறுத்த கடலை வாடை வரும். பசியில் அந்த வாடை முதலில் வாயில் எச்சில் ஊறவைத்தது. பிறகு குமட்டியது. எடை அசையவில்லை.

எங்கள் எடை மெஷின் கண்ணாடித் தட்டு போட்டது. எவ்வளவு துடைத்தாலும் அதில் என் ஈரக்கால் தடம் மங்கலாகப் படிந்திருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பு வந்தது. அகலமாக, விரல்கள் பிதுங்கி, யாரோ ஒரு முரட்டுப் பொம்பளையின் பாதம் போல இருந்தது. வயிற்றில் பன்னிரண்டு கிலோ போன இடத்தில் தோல் மடிந்து தொங்கியது. குளிக்கும்போது அந்த மடிப்பைத் தூக்கிச் சோப்புப் போட வேண்டியிருக்கும். எனக்கு என் உடம்பைத் தொடவே கூசியது.

என் நாத்தனாரை சிவகாசியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் கணவர் பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலை நடத்துகிறார். அண்ணனுக்கு எப்படியாவது ஆபரேஷன் முடிய வேண்டும் என்று நாத்தனார் வாரம் ஒருமுறை ஏதாவது தூக்கிக்கொண்டு வருவார். கொள்ளு வறுத்து அரைத்த பொடி. சீரகத் தண்ணீர். ஒருமுறை யாரோ வீடு வீடாக விற்கும் டப்பா பவுடர். அதைத் தண்ணீரில் கலந்தால் நனைந்த சாக்கு வாடை அடித்தது. இன்னொரு நாள் பாகற்காயைச் சாறு பிழிந்து பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து, என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றுகொண்டார்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிருங்க, மதினி."

குடித்தேன். தொண்டைக்குள் இறங்கியது இறங்கின வேகத்தில் திரும்பி வந்தது. வாஷ்பேசினில் பச்சையாகக் கிடந்ததைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் நாத்தனார் தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது.

"மதினிக்கு மனசு இல்லையோ என்னமோ. மனசு இருந்தா உடம்பு கேக்காதா?"

அந்த மாதம் நாத்தனார் மருமகளுக்கு வளைகாப்பு. போனோம். மண்டபத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் இடுப்பைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தை. "இன்னும் எம்புட்டு கொறையணுமாம்?" என்று ஒரு பெரியம்மா என் கையின் மேல்சதையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். விட்டுவிட்டு இன்னொரு முறை அழுத்தினார். பந்தியில் என் இலையில் பரிமாற வந்தவர் யோசித்து நின்றார். "அவுகளுக்கு வைக்காதீக, அவுக கொறைக்கணும்" என்று அடுத்த இலையிலிருந்து ஒரு குரல் வந்தது. வடை என்னைத் தாண்டிப் போயிற்று. நான் அதைத் தின்றிருக்கப் போவதில்லைதான். ஆனாலும் அது அடுத்த இலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு வரும்போது நாத்தனார் கணவர் என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தீவாளி லோடு எல்லாம் ஏறி முடியட்டும் மச்சான். சீசன்ல ரெண்டு பேரும் படுத்துட்டீகன்னா லேபிளுக்கு நாங்க எங்க போறது? அதுக்குள்ள தங்கச்சியும் கொறைச்சிரும்."

என் கணவர் சிரித்தார். "அவ கொறைச்சிருவா" என்றார். ஆர்டர் கொடுத்த சரக்கு நேரத்துக்கு வந்துவிடும் என்று சொல்கிற அதே குரல்.

டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் அவரையும் எடை பார்ப்பார்கள். சிறுநீர் போகாததால் குடிக்கிற நீரெல்லாம் உடம்பிலேயே நிற்கும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து அவ்வளவையும் மெஷினில் எடுக்க வேண்டும். வீட்டில் தினமும் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர் ஏறமாட்டார். அதைச் சொல்லி யாரும் அவரை அதட்டியதில்லை.

"என்ன சார், இந்தத் தடவையும் இம்புட்டு ஏறியிருக்கு?" என்றாள் நர்ஸ். "உப்பு சேத்தீகளா? உப்பு தின்னாத்தான் தாகம் எடுக்கும்."

"உப்பா? எங்க வீட்ல எனக்கு உப்பைக் கண்ணுல காட்றதே இல்லையே" என்று அவர் என்னைக் கைகாட்டினார்.

அது உண்மைதான். அவருக்கென்று தனிச் சமையல் செய்தேன். காயை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைப்பேன். கடைசியில் அது காய் என்று சொல்ல முடியாத ஒரு வெளிறிய கூழாக இருக்கும். உப்பு பேருக்குத்தான். குடிக்கிற தண்ணீர் அளந்த பாட்டிலில். "எந்தப் பக்கத்துலேர்ந்து ஏறுதுன்னு தெரியலையே" என்று நர்ஸ் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். வீட்டு அடுப்படி என் பொறுப்பு. அதனால் அவர் எடை ஏறினாலும் என் குற்றம், என் எடை இறங்காவிட்டாலும் என் குற்றம்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். என்னைவிட வயதில் சின்னவர். நான் தின்பதையெல்லாம் சொல்லச் சொன்னார். காலையில் ஒரு இட்லி, மதியம் வெள்ளரிக்காய், மோர், ராத்திரி கஞ்சி என்று ஒப்பித்தேன். அவர் என் முகத்தையும் நகத்தையும் கீழிமையையும் பார்த்தார்.

"முடி கொட்டுதா?"

"கையோட வருது."

"இப்படிப் பட்டினி கிடந்தா கொழுப்பு போறதுக்கு முன்னாடி சதை போயிடும்மா. ஆபரேஷனுக்கு நீங்க எடை குறைஞ்சா மட்டும் போதாது, தெம்பாவும் இருக்கணும். முட்டை சாப்பிடுங்க, பயறு சாப்பிடுங்க, மதியம் கொஞ்சம் சோறு சாப்பிடுங்க. எண்பத்து நாலு கிலோ உடம்புக்கு வேணுங்கிற சோறு எழுபத்திரண்டு கிலோ உடம்புக்கு வேண்டாம்தான். அதனாலதான் கடைசியில மெதுவாகும். ஆனா நீங்க சொல்ற இந்தச் சாப்பாட்டுக்கு மெதுவாகவாவது இறங்கணுமே. நிக்காதே. வேற ஏதாவது உள்ள போகுதா? நின்னுக்கிட்டுச் சாப்பிடறது, ருசி பாக்கறது?"

"எதுவுமில்ல" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவளும் என்னைத் திருட்டுத்தனம் செய்கிறவள் என்று நினைக்கிறாளே என்று இருந்தது. சத்தியமாக எதுவுமில்லை என்றுதான் நம்பினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சமைத்தேன். கணவர் நடந்துவிட்டு வந்தார். டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து மாலையில் அவர் பஜார் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவது வழக்கம். உட்கார்ந்தார், நாலு வாய் பிசைந்தார், "போதும், வயிறு சரியில்ல" என்று எழுந்துவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியடிக்குப் போனேன். அவர் பிசைந்த சோறு ஒரு ஓரம் கிடந்தது, கை படாதது ஒரு ஓரம். மேலே இரண்டு தடவை வேகவைத்த அந்தப் பூசணிக்காய். அலமாரியிலிருந்த மாங்காய் ஊறுகாயை எடுத்து, எண்ணெயோடு ஒரு கரண்டி அதில் விட்டுப் பிசைந்தேன். ஊறுகாய் இல்லாமல் அது இறங்காது. தொட்டிமேட்டில் சாய்ந்து நின்றபடி வாயில் போட்டுக்கொண்டே, நாளைக்கு ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய லேபிளில் மயிலின் கழுத்துக்கு எந்த நீலம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாயோ நான்காவது வாயோ போனபோதுதான் கை நின்றது.

நின்றுகொண்டு சாப்பிடுவது என்று அந்தப் பெண் கேட்டாரே.

ஒவ்வொரு ராத்திரியும் இதைச் செய்துகொண்டிருந்தேன். எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. இந்தப் பத்தியச் சமையலுக்கு முன்னால் அவர் தட்டில் மிச்சமே வைத்ததில்லை. சோற்றைக் குப்பையில் போடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். தட்டில் இருப்பதை வழித்து வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தேய்ப்பது, தட்டைத் தேய்ப்பதில் ஒரு பகுதியாகத்தான் எனக்குத் தோன்றியிருந்தது. அது சாப்பாடு என்று என் மனதில் பதியவே இல்லை. பட்டினி கிடந்த வயிறு அந்த நேரத்துக்குக் காத்திருந்திருக்கிறது, எனக்குச் சொல்லாமலே.

வாயில் இருந்ததைத் துப்பினேன். அவர் எச்சில் பட்ட, ஆறிப்போன, உப்பில்லாத சோறு, ஊறுகாய் எண்ணெய் வழிய. இதையா ஒவ்வொரு நாளும் தின்றேன் என்று உடம்பு முழுக்கக் கூசியது. வாயை மூன்று தடவை கொப்பளித்தும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. தட்டில் இருந்ததை அப்படியே குப்பைக் கூடையில் கொட்டினேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"சோத்தையா குப்பையில போடுத? மகாலட்சுமியை இப்படி உதறினா குடும்பம் வெளங்குமா?"

"அப்ப நீங்க சாப்பிடுங்க, அத்தை. நாளைலேர்ந்து உங்ககிட்டக் குடுத்துடுறேன்."

அவர் கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். அவரும் அதைத் தின்னமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து காலையில் முட்டை தின்றேன். மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறும் பயறும், உட்கார்ந்து தின்றேன். அவர் மிச்சத்தைத் தொடவில்லை. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் எடை எழுபத்தொன்றுக்கு வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. மாமியார் கூடத்தைப் பார்த்துத் தலையசைக்கும் திசை மாறியது.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் ஏன் இவ்வளவு மிச்சம் வைக்கிறார்? தின்னாத மனிதர் இளைக்க வேண்டாமா?

ஆபரேஷனுக்கு முன்னால் நாங்கள் கணவன் மனைவிதான் என்பதற்கு அரசாங்கத்திடமிருந்து சான்று வாங்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு நாள் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டுக்கு நடக்கும் வழியில் வரிசையாகப் பரோட்டாக் கடைகள். எங்கள் ஊரில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரிப்பார்கள். குழிந்த பெரிய கல்லின் நடுவில் எண்ணெய் குளமாக நிற்கும். சுற்றிலும் பரோட்டாக்கள் நுரைத்துக்கொண்டு கிடக்கும். அந்தப் புகையைத் தாண்டுவதற்காக முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் சால்னா ஊத்துப்பா. கறியோட."

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

முதுகைத் தெருவுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடது கையில், முந்தின நாள் டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில், நான் ஒட்டிய பிளாஸ்திரி. வலது கை பரோட்டாவை நொறுக்கிக்கொண்டிருந்தது. இலையில் சால்னா வழிந்து மேஜை விளிம்பு வரை ஓடியது. எலும்பை எடுத்து இரண்டு பக்கமும் உறிஞ்சினார். உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்தில் காலியான தண்ணீர் டம்ளர். சின்னப் பையனைப் போல விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். நான் அந்த மனிதரோடு கால் நூற்றாண்டு குடித்தனம் செய்தவள். அவர் வாந்தியை அள்ளியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத அருவருப்பு அன்று வந்தது.

உள்ளே போய் எதிரே உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தவர் கையில் எலும்பு அப்படியே நின்றது.

"நீ எங்க இங்கன?"

"எத்தனை மாசமா?"

"என்னது எத்தனை மாசமா? இன்னைக்குத்தான்..."

"எத்தனை மாசமாங்க?"

அவர் எலும்பைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாக்கு செத்துப்போச்சு. அந்தச் சோத்தை மனுசன் திம்பானா? நீ ஒரு வேளை தின்னு பாரு, அப்பத் தெரியும்."

"நாந்தான் தின்னேன்."

"என்ன?"

"நீங்க வச்ச மிச்சத்தை எல்லாம் நாந்தான் தின்னேன். தெனமும். அதான் என் எடை இறங்கல. நீங்க இங்கன தின்னீக, நான் அங்கன உங்க எச்சியைத் தின்னேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் வெட்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு சமாதானம்தான் வந்தது.

"சரி விடு. அதான் ஆபரேஷன் ஆகப்போகுதுல்ல. புதுசு வச்சுட்டா எல்லாம் சரியாயிரும்."

புதுசு. என் உள்ளே இருப்பதைத்தான் அப்படிச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். பின்னால் அவர் அந்த இலையை முடித்துவிட்டு வந்தாரா, பாதியில் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்த வாரமே ஒரு நாள் காலை, மெஷினில் அறுபத்தொன்பது சொச்சம் வந்தது. அந்த எண்ணுக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். இறங்கி நின்று மறுபடி ஏறிப் பார்த்தேன். அதேதான். கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை. வெளியே மாமியார் காத்திருந்தார்.

"எம்புட்டு?"

"எழுபத்தொண்ணு" என்றேன்.

மறுநாள் அச்சகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். உறுப்புக் கொடுப்பவர்களோடு தனியாகப் பேசுவதற்கு அங்கே ஒரு பெண்மணி இருந்தார். முன்பே ஒருமுறை என்னைக் குடும்பத்தோடு பார்த்திருக்கிறார். இந்த முறை கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு விருப்பமில்லைன்னா இப்பக்கூடச் சொல்லலாம். வீட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். உடம்பு ஒத்துக்கலைன்னு நாங்களே சொல்லிடுவோம். அதுக்கு மேல யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். நான் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை அத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. விலகிப் போக ஒரு வழி கிடைத்திருந்தது. போய்விடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். பரோட்டாக் கடையில் பார்த்த அந்த வாய்க்கு என் உடம்பைக் கிழித்துக் கொடுப்பதா என்று உள்ளே எரிந்தது. அப்புறம், நான் போய்விட்டால் அடுத்த நாளே மாமியார் யாருக்குப் போன் போடுவார் என்று யோசித்தேன். போன மாதமே ஒருமுறை, "பேத்திக்கும் அதே குரூப்புத்தான், இல்ல?" என்று சாதாரணமாகக் கேட்டு வைத்திருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பரோட்டா விஷயம் முழுக்கச் சொன்னேன். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"இதை டாக்டர்கிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. நான் குடுக்கிறேன். ஆனா இப்பக் குடுக்க மாட்டேன். அவுக வாயை அடக்கட்டும், அப்பக் குடுக்கிறேன். என் எடைக்கு ஆபரேஷன் நின்னுச்சுல்ல, இப்ப அவுக எடைக்கு நிக்கட்டும்."

டாக்டர் என் கணவரையும் மாமியாரையும் வரச்சொன்னார். நான் எழுபதுக்குக் கீழே வந்துவிட்டதை அங்கேதான் அவர்கள் கேட்டார்கள். மாமியார் முகம் மலர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாக்கியத்தில் அந்த மலர்ச்சி போயிற்று. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறுகிற எடை தொடர்ந்து கட்டுக்குள் வந்தால்தான் தேதி என்றார் டாக்டர். இப்படியே தின்றால் வைக்கிற சிறுநீரகமும் நிற்காது, அதை வீணடிக்க முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும் வழி முழுக்க மாமியார் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "கட்டுன புருசனை வெளியாளுககிட்டக் காட்டிக் குடுத்துட்டாளே." நாத்தனார் போன் செய்து ஒரு மணி நேரம் அழுதார். இரண்டு மாதம் வீட்டுக்கே வரவில்லை. கொள்ளுப்பொடியும் வரவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை ஒளிக்க மாட்டேன்.

என் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை, யாரும் சொல்லாமல், தானாகவே மெஷினில் ஏறினார். மாலை நடைக்கு என்னையும் கூப்பிட்டார். பஜாருக்கு எதிர்த்திசையில் நடந்தோம். திரும்பி வந்து அந்தப் பூசணிக்காய்ச் சோற்றைத் தட்டு முழுக்கத் தின்றார். தின்னும்போது கண்ணில் நீர் நின்றது. அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்கு அந்த எலும்பு உறிஞ்சிய சத்தம்தான் காதில் கேட்டது.

தீபாவளி முடிந்து, லோடு எல்லாம் போய், அடுத்த பொங்கலும் கழிந்த பிறகு ஆபரேஷன் நடந்தது. அதுவரை நான் எழுபதைத் தாண்டவில்லை. அதற்குப் பட்டினி எதுவும் தேவைப்படவில்லை. கண் விழித்தபோது இடுப்புக்கு மேல் யாரோ உலக்கையால் குத்தியது போல வலித்தது. மூன்றாம் நாள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து என் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகமூடி போட்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது."

"ஒண்ணுக்கு நல்லாப் போகுது" என்றார். என் கையைத் தொடப் பார்த்து, கிருமி ஒட்டும் என்று சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டார். எனக்கும் அதுவே நல்லதாக இருந்தது.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். அச்சகத்துக்குப் போகிறார். புதுச் சிறுநீரகத்துக்காக விழுங்கும் மாத்திரைகளின் வேகத்தில் அவருக்கு அகோரப் பசி. முகம் உப்பியிருக்கிறது. வெளியே தின்பதில்லை. எல்லாம் வீட்டில்தான், என் எதிரேதான். மெல்வதும் உறிஞ்சுவதும் எதிரேதான். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவர் முடித்து எழுந்த பிறகு எனக்கு ஒரு வாய் இறங்காது.

போன விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது இதைக் கவனித்துவிட்டாள். அடுப்படிக்கு வந்து கேட்டாள்.

"அம்மா, அப்பா மேல இன்னும் கோவமா இருக்கியா?"

"கோவமெல்லாம் இல்ல. அவுக சாப்பிடுறதைப் பாக்க முடியல. அம்புட்டுத்தான்."

அவள் என்னைச் சமாதானம் செய்வாள் என்று நினைத்தேன். அவள் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள்.

"அப்ப நீ மொதல்ல சாப்பிட்டுரு."

இந்த வீட்டில் ஆண்கள் சாப்பிடும் முன் நான் சாப்பிட்டதே இல்லை. மகளே ஒரு தட்டு எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டாள். சூடாக இருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. கூடத்திலிருந்து மாமியார், "இன்னும் அவனே சாப்பிடலையே" என்றார். மகள் கதவை லேசாகச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து நான் முதலில் சாப்பிடுகிறேன், உட்கார்ந்து, மெதுவாக. சாப்பிட்டுவிட்டு அவருக்கு எடுத்துவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன்.